நாலு மூலையிலும் கரி

சுண்டு,

ஆறடி வளர்ந்து பட்டாளத்துச் சட்டை போட்ட பிறகும் எனக்கு நீ சுண்டுதான். வேறு பேர் சொல்லிக் கூப்பிட வாய் வரவில்லை.

இன்றைக்குக் காலையில் உலைப்பானை தேய்த்துக்கொண்டிருந்தேன். உன் மச்சான் ஒரு கட்டுக் கார்டைக் கொண்டுவந்து பக்கத்தில் வைத்தார். "நாலு மூலையிலயும் மஞ்சள் தடவிக் குடு. பத்து மணித் தபால்ல சேத்துரணும்" என்றார். வள்ளிக்குக் காது குத்து. தைப்பூசம் கழிந்த வெள்ளிக்கிழமை, குன்றக்குடியில். கை கழுவிவிட்டுத்தான் எடுத்தேன். இருந்தும் நகக்கண்ணில் தங்கியிருந்த கரி முதல் கார்டின் மூலையில் ஒட்டிக்கொண்டது. அதற்கப்புறம் எனக்குக் கை ஓடவில்லை.

நீ பட்டாளத்துக்குப் போனது சுடுவதற்கு இல்லை, சோறாக்க. வங்காளத்து எல்லையில் கூடாரம் போட்டிருந்தீர்கள். "அங்குட்டு ஒரே நாட்டு ஆளுகளே ஒருத்தரை ஒருத்தர் சுட்டுக்கிறாகக்கா" என்று எழுதுவாய். சண்டைக்கு அந்த ஒரு வரிதான். மிச்சமெல்லாம் அடுப்படி. மூட்டை மூட்டையாக உருளைக்கிழங்கு உரித்தது. கூடாரத்துக்குள் தண்ணீர் புகுந்து உன் செருப்பு மிதந்து போனது. சப்பாத்தி மாவில் தவளை குதித்தது, யாரிடமும் சொல்லாமல் அந்த மாவையே நீ சுட்டுப் போட்டது. "ரசம் வச்சேன். வடக்கத்தி ஆளுக மருந்தான்னு கேட்டு மூக்கைப் பிடிச்சுக்கிட்டுக் குடிச்சாய்ங்க. மறுநாள் சளி பிடிச்சவன் பூராம் டம்ளரோட வந்து நிக்கிறான்."

இன்னொரு கடுதாசியில், எல்லை தாண்டி வந்த பெண் ஒருத்தி தினமும் கஞ்சித்தண்ணிக்குச் சட்டியோடு வருவதாக எழுதியிருந்தாய். பேச்சுப் புரியாதாம். சட்டியை வாங்கும்போது என்னைப் போலவே உதட்டைக் கடிப்பாளாம்.

மூணாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவள் நான். ஒவ்வொரு எழுத்தாகக் கூட்டித்தான் வாசிப்பேன். என் மாமியார் உட்கார்ந்து கேட்டுக்கொண்டே, "ஏன்டி, உன் தம்பி சண்டைக்குப் போனானா, கல்யாண வீட்டுக்குச் சமைக்கப் போனானா?" என்பார்கள். ஆனாலும் தபால் வரவில்லை என்றால் முதலில் கேட்பதும் அவர்கள்தான்.

அந்த வருசம் ஆடி மாதம் நான் உனக்கு எழுதினேன். வள்ளிக்கு ஒரு வயசு முடிந்திருந்தது. 'தாய்மாமன் நீ ஒருத்தன்தான். உன் மடியில் உட்கார வைத்துத்தான் காது குத்தணும். எப்போது வருகிறாய்? வர முடியாது என்றால் யார் மடியில் உட்கார வைக்க?' இதைத்தான் கேட்டேன்.

பதில் ஐப்பசியில் வந்தது. நல்ல மழை. தபால்காரர் நனைந்துகொண்டே நீட்டிவிட்டுப் போய்விட்டார். வாங்கிப் பார்த்தேன். நாலு மூலையிலும் கரி. சாவுச் சேதி சொல்லும் கடுதாசிக்குத்தானே அப்படித் தடவுவார்கள்! "வாசப்படி தாண்டிக் கொண்டாராதே. படிச்சிட்டு வெளியவே கிழிச்சுப் போடு" என்று மாமியார் உள்ளேயிருந்து கத்தினார்கள். நான் படிக்கவில்லை. படித்தால்தானே நீ செத்ததாகும் என்று அந்த நேரத்தில் ஒரு கிறுக்கு. பிரிக்காமலே துண்டு துண்டாகக் கிழித்துத் தெருத்தண்ணீரில் போட்டேன். அப்புறம் மாரில் அடித்துக்கொண்டு விழுந்தேன். தெருவே கூடிவிட்டது. ஒப்பாரி வைத்துத் தலை முழுகினோம்.

மறுநாள் தபால்காரர் வந்தார். "என்னாத்தா, என்ன நடந்துச்சு?" என்றார். சொன்னோம். தலையில் அடித்துக்கொண்டார். "பட்டாளத்துல ஆளு போனா தந்தில்ல வரும்? அது உங்க தம்பி கையெழுத்துத்தான் ஆத்தா. நான் பாத்துத்தான குடுத்தேன்!"

ஓடிப் போய்ச் சாக்கடையெல்லாம் தேடினேன். மூணு துண்டு கிடைத்தது. இரண்டில் மை கரைந்து போயிருந்தது. ஒன்றில் 'உருளைக்' என்று மட்டும் இருந்தது.

நடந்ததை உனக்கு எழுதினேன். கார்த்திகை பிறந்ததும் உன் பதில் வந்தது. "அடி அக்கா, உசுரோட இருக்கிறவனுக்கா ஒப்பாரி வச்சே? என்னென்ன சொல்லி அழுதேன்னு நான் வந்ததும் பாடிக் காட்டணும். கடுதாசி நனைஞ்சிருச்சு. அடுப்போரம் விரிச்சு, பறக்காம இருக்க மூலைக்கு ஒரு கரித்துண்டு வச்சேன். அம்புட்டுத்தான். மடி விசயமா ரெண்டு பக்கம் எழுதியிருந்தேன். மறுபடி எழுதக் கை வலிக்குது. பொங்கலுக்கு லீவு கேட்டிருக்கேன், நேர்ல சொல்றேன். அதுவரைக்கும் பிள்ளை காதுல யாரையும் கை வைக்க விடாதே."

மாமியார் சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்தார்கள். நானும் சிரித்தேன்.

கார்த்திகை முடிவதற்குள் தந்தி வந்தது. நீ சோறு ஏற்றிக்கொண்டு போன வண்டிமேல் குண்டு விழுந்ததாம். இங்கிலீசில் இருந்ததைத் தபால்காரர்தான் வாசித்துச் சொன்னார். அந்தத் தாளில் ஒரு பொட்டுக் கரி இல்லை. அவ்வளவு சுத்தம். அன்றைக்கு எனக்கு அழுகை வரவில்லை. அழ வேண்டியதை எல்லாம் ஐப்பசியிலேயே அழுது தீர்த்துவிட்டேன் போல.

நீ சொன்னபடி பிள்ளை காதில் யாரையும் கை வைக்க விடவில்லை. மூணு வயசில் கேட்டார்கள், ஐந்தில் கேட்டார்கள். இப்போது ஏழு. பள்ளிக்கூடத்தில் 'மூளிக்காது' என்று கேலி செய்கிறார்களாம், அழுதுகொண்டு வருகிறாள். இனியும் தள்ள எனக்குத் தெம்பில்லை.

நாட்டரசன்கோட்டையில் இருக்கிற நம் பெரியப்பா மகனைத்தான் மச்சான் கூப்பிட்டிருக்கிறார். மாமன் முறைக்கு இனி அவர் ஒருத்தர்தான். கண்மாய் மடைத் தகராறில் நீயும் அவரும் பேச்சை விட்டது பேச்சை விட்டதுதான். போன வாரம் வந்து தலையைக் குனிந்துகொண்டு உட்கார்ந்திருந்தார். "அவன் இருந்தா என்னைய உக்கார விட்டிருப்பானா தங்கச்சி?" என்றார். நான் காபியை வைத்துவிட்டு உள்ளே வந்துவிட்டேன்.

நீ வருவதாக இருந்தால் ஒரு வரி போதுமே. எதற்கு ரெண்டு பக்கம்? வர மாட்டோம் என்று அப்போதே தோன்றியதா? பழசை மறந்து அண்ணன் மடியிலேயே உட்கார வைக்கச் சொல்லி எழுதினாயா, அவர் மட்டும் வேண்டாம் என்று எழுதினாயா?

உன் கடுதாசியெல்லாம் தகரப்பெட்டியில் இருக்கிறது. அந்த 'உருளைக்' துண்டும் இருக்கிறது. இத்தனை வருசமும் அதன் பக்கத்தில் மற்ற வார்த்தைகளை நானே வைத்து வைத்துப் பார்க்கிறேன். ஒருநாள் ஒரு மாதிரி வருகிறது, மறுநாள் வேறு மாதிரி வருகிறது.

வெள்ளிக்கிழமை ஆசாரி ஊசியைக் கையில் எடுத்துக்கொண்டு, "மாமன் யாரு, வந்து உக்காருங்க" என்பார். எல்லாரும் என் முகத்தைப் பார்ப்பார்கள். யார் மடின்னுடா எழுதியிருந்தே, சுண்டு?