ஈடுகட்டும் கணக்கு

மரியட்டா, ஓஹாயோ
ஜனவரி 4, 2011

அன்புத் தம்பி லானிக்கு,

ட்வைலா அக்கா எழுதுவது. நானும் என் மகள் ஜோலினும் குளிரில் விறைத்தபடி சௌக்கியம். போன கடிதத்துக்கு நீ பதில் போடவில்லை. ஜெயிலில் இருப்பவனுக்கு அப்படி என்ன வேலை என்று கேட்க வாய் வரை வருகிறது. கேட்கவில்லை.

ஒரு யோசனை சொல்லு. வங்கியிலிருந்து படிவம் வந்திருக்கிறது. என் கணக்கில் பணம் தீர்ந்த பிறகு கார்டைத் தேய்த்தாலோ பில் வந்தாலோ, வேறொரு கணக்கிலிருந்து எடுத்து ஈடுகட்டுவார்களாம். 'வேண்டும்', 'வேண்டாம்' என்று இரண்டு கட்டம். இருபதாம் தேதிக்குள் ஒன்றில் குறி போட்டுக் கையெழுத்திட வேண்டும். சும்மா இருந்தால் 'வேண்டாம்' என்று எடுத்துக்கொள்வார்கள். போன வாரம் கடையில் கார்டு செல்லாமல் பாலையும் முட்டையையும் அப்படியே வைத்துவிட்டு வந்தேன். வரிசையில் எனக்குப் பின்னால் என் பழைய டீச்சர். மானம் போயிற்று. அதனால் 'வேண்டும்' போடத்தான் பேனாவை எடுத்தேன்.

அப்புறம்தான் கீழே அச்சடித்திருந்ததைப் பார்த்தேன். ஈடுகட்டும் கணக்கு வெர்னா ஸ்ட்ரவுட் பேரில் இருக்கிறது. நம் அம்மா பேரில். அக்டோபரில் அவளைப் புதைத்த மறுவாரம் நானே போய் அந்தக் கணக்கை மூடினேனே. மிச்சமிருந்த பதினொரு டாலரை உனக்குத்தானே அனுப்பினேன். போன் போட்டுக் கேட்டால் வங்கிப் பெண், "கணக்கு ஓபனாத்தாங்க இருக்கு. நேத்துகூட வந்து பணம் போட்டுட்டுப் போயிருக்காங்களே" என்கிறாள்.

வீட்டைச் சூடாக்கும் எரிவாயுவுக்குப் பாக்கி நானூற்றுப் பன்னிரண்டு டாலர். இன்னும் ஏறக் கூடாதென்று ஹீட்டரைப் பாதி நேரம் அணைத்தே வைக்கிறேன். இருபத்தோராம் தேதி வெட்டிவிடுவார்கள். ஜோலினுக்கு நெஞ்சுச் சளி வேறு. கையெழுத்துப் போடட்டுமா, வேண்டாமா?

உன் அக்கா,
ட்வைலா

ஜனவரி 12

அன்புள்ள அக்கா,

உன் கடிதம் நேற்றுத்தான் கையில் கிடைத்தது. இங்கே எல்லாக் கடிதத்தையும் பிரித்துப் படித்து, அவர்களுக்கு மனசு வரும்போதுதான் கொடுப்பார்கள். அதுதான் தாமதம், கோபித்துக்கொள்ளாதே.

கையெழுத்துப் போடாதே. வங்கிக்காரர்கள் தப்பாக அச்சடித்துவிட்டார்கள் என்று நீ உன்னையே சமாதானப்படுத்திக்கொள்வாய், உன்னை எனக்குத் தெரியும். அம்மா எப்போதாவது சும்மா கொடுத்திருக்கிறாளா? என்னை ஜாமீனில் எடுத்தாள். மறுநாளே பெட்டியோடு வந்து ஒன்றரை வருஷம் உட்கார்ந்துகொண்டாள். ஷெர்ரி என்னை விட்டுப் போனதே அதனால்தான். உன் கல்யாணச் செலவை ஏற்றாள். கட்டிலில் உன் புருஷன் எந்தப் பக்கம் படுக்க வேண்டும் என்பதுவரை அவள்தான் சொன்னாள். பாவம், அந்த மனுஷன் எத்தனை நாள் தாங்குவான். "நான் பாத்துக்கறேன்" என்று அவள் சொன்னால், அந்த வீட்டில் அவளுக்கு இடம் போட்டாயிற்று என்று அர்த்தம்.

என் டிரக்கை வந்த விலைக்குத் தள்ளிவிடு. சர்ச்சில் கேள். கவுண்டி அரசாங்க ஆபீஸில் குளிர்கால உதவி கொடுப்பார்கள், அங்கேயும் போ. 'வேண்டாம்' கட்டத்தில்கூடக் குறி போடாதே. அந்தத் தாளையே தொடாதே. எனக்குப் பயமாக இருக்கிறது. சிரிக்காதே அக்கா.

லானி

ஜனவரி 24

அன்புத் தம்பி,

உன் கடிதம் பதினெட்டாம் தேதி வந்தது. படித்தேன். படித்தும் 'வேண்டும்' என்று கையெழுத்துப் போட்டுவிட்டேன்.

என்ன செய்யச் சொல்கிறாய்? உன் டிரக் ஸ்டார்ட்டே ஆகவில்லை, ஓசிக்குக்கூட ஒருத்தனும் வேண்டாம் என்கிறான். சர்ச்சில் இரண்டு கம்பளி கொடுத்தார்கள். கவுண்டியில் பிப்ரவரி ஒன்பதாம் தேதி வரச் சொன்னார்கள். ஜோலினின் உதடு நீலமாகிவிட்டது. பெற்றவள் நான் பார்த்துக்கொண்டு இருக்க முடியுமா?

பத்தொன்பதாம் தேதி நேரில் போய்க் கொடுத்தேன். அன்று சாயங்காலமே நானூற்றுப் பன்னிரண்டும் கட்டியாகிவிட்டது. ஒரு சென்ட் கூடவும் இல்லை, குறையவும் இல்லை.

வீடு இப்போது சூடாக இருக்கிறது. ஹீட்டரை நான் அறுபத்துநாலு டிகிரியில் வைக்கிறேன், காலையில் பார்த்தால் எழுபத்தெட்டில் இருக்கிறது. ஜன்னலோர நாற்காலியை மேஜைக்கு அடியில் தள்ளிவிட்டுப் போகிறேன், திரும்பி வந்தால் வெளியே இழுத்துப் போட்டிருக்கிறது. அம்மா பிடிப்பாளே, அந்தப் புதினா சிகரெட் வாசனை. இன்று பள்ளிக்கூடம் கிளம்பும்போது ஜோலின் அந்த நாற்காலியைப் பார்த்து டாட்டா காட்டினாள். பிள்ளைக்கு இருமல் நின்றுவிட்டது, லானி. எனக்கு அது போதும்.

ட்வைலா

பிப்ரவரி 5

லானி,

சுருக்கமாக எழுதுகிறேன். அவள் ஜோலினுக்குத் தலை சீவுகிற நேரம் இது. சீப்பு தலையில் போவதும் வருவதும் மட்டும்தான் தெரிகிறது. பிள்ளை கூசாமல் உட்கார்ந்திருக்கிறது.

நான் வேலையை விட்டுவிட்டேன். விட்டேன் என்பதுகூடச் சரியில்லை. யாரோ என் பேரில் போன் போட்டு, இனிமேல் ட்வைலா வரமாட்டாள் என்று சொல்லியிருக்கிறார்கள். எல்லா பில்லும் கட்டியாகிறது. எனக்கு வாசலைத் தாண்டிப் போகத் தோன்றுவதில்லை.

இது முக்கியம். இந்த மாத வங்கிக் கணக்குத் தாளில் ஒரு வரி பார்த்தேன். ஜெயிலில் உன் பேரில் இருக்கும் கணக்குக்கு நாற்பது டாலர் போயிருக்கிறது. நான் அனுப்பவில்லை. அதில் ஒரு காசைத் தொட்டுவிடாதே. உன் காலில் விழுகிறேன்.

அக்கா

பிப்ரவரி 16

அன்புள்ள அக்கா,

உன் கடிதம் திங்கட்கிழமை வந்தது. இங்கே கடை வாரத்தில் ஒரு நாள், செவ்வாய் மட்டும். எட்டாம் தேதியே போய்விட்டேன். கணக்கில் நாற்பது டாலரைப் பார்த்ததும் நீ அனுப்பினாய் என்று நினைத்தேன். நீ நல்லாயிருக்கணும் என்று வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே காபித்தூள், சோப்பு, இந்தக் கடிதத்தில் ஒட்டியிருக்கும் ஸ்டாம்பு எல்லாம் வாங்கினேன். பதினொரு டாலர் ஆயிற்று.

மறுநாளிலிருந்து என் அறையில் புகை வாசனை. கீழ்ப்படுக்கை போன மாதமே காலியாகிவிட்டது. இப்போது ராத்திரியில் அதன் ஸ்பிரிங் முனகுகிறது. யாரோ தூக்கம் வராமல் புரளுகிற மாதிரி.

திங்கட்கிழமை ராத்திரி முழுக்க உன் கடிதத்தை வைத்துக்கொண்டு யோசித்தேன். நேற்று செவ்வாய். மறுபடி கடைக்குப் போய் மிச்சமிருந்த இருபத்தொன்பதையும் செலவழித்தேன். எனக்குப் பிடிக்காத மிட்டாய்கூட வாங்கினேன். தெரிந்தே, கடைசி சென்ட் வரைக்கும்.

இன்று காலையில் கீழ்ப்படுக்கையில் ஒரு பள்ளம் இருந்தது. கைவைத்துப் பார்த்தேன், சூடாக இருந்தது.

உன் வீட்டு வாசனை போய்விட்டதா என்று பார். போயிருந்தால் ஒரு நிமிஷம்கூடத் தாமதிக்காதே. ஜோலினையும் கூட்டிக்கொண்டு வங்கிக்குப் போ. 'வேண்டாம்' என்று எழுதிக் கொடுத்துவிட்டு, அந்தக் கணக்கையே மூடு. வேலை கேட்டு அலை. பட்டினி கிட. எனக்கு மட்டும் இனிமேல் எழுதாதே.

எனக்கு இன்னும் ஒன்பது வருஷம் இருக்கிறது. ஒன்பது மணி ஆனால் இங்கே எல்லாக் கதவையும் பூட்டிவிடுவார்கள். உள்ளே இருக்கிற யாரும் வெளியே போக முடியாது, அக்கா. அவளும்தான்.

உன் தம்பி,
லானி