ஒருவர் கூடிய கூட்டம்

செவ்வாய், மாலை நான்கு மணி

அன்புள்ள தம்பிக்கு,

இன்று காலை பத்து நாற்பதுக்கு உறுதியான செய்தி இது. வியாழக்கிழமை நடக்கப்போகிற கூட்டத்தின் நடவடிக்கைக் குறிப்பை நீ திங்கட்கிழமையே எழுதிக் கொடுத்துவிட்டாய். சொன்னவர் கீழவையின் பதிவுப் பிரிவு எழுத்தர். யாரும் பார்க்கலாம் என்று சட்டம் சொல்கிற பதிவேடுதான், ஆகவே திருப்பிக் காட்டினார். நான் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு இரண்டு முறை படித்தேன்.

"மாநிலக் குழு கூடியது. தலைவர் அனைவரையும் வரவேற்றார். விரிவான விவாதத்துக்குப் பின், சிமெண்ட் முதலாளியை ஜனாதிபதியாகத் தேர்ந்தெடுக்க ஒருமனதாக முடிவானது." கீழே தலைவர், செயலாளர், உறுப்பினர் என்று மூன்று கையெழுத்து. மூன்றும் உன்னுடையவை. அனைவரும் என்றால் நீ ஒருவன்தான்.

அந்த எழுத்தர் முப்பது வருஷ சர்வீஸில் சிரித்து நான் பார்த்ததில்லை. இன்று, "ஏம்மா, விவாதத்துல எதிர்த்துப் பேசினது யாருன்னு போடலையே, அதையும் சாரே பேசிட்டாரா?" என்று கேட்டுவிட்டு, வாயைக் கைக்குட்டையால் மூடிக்கொண்டார்.

அம்மா சுகம். முழங்கால் வலி அப்படியே இருக்கிறது. நேற்று போனில், "மூணரை மணி நேரம் வரிசையில நின்னேனே, நான் போட்ட சீட்டு என்னடி ஆச்சு?" என்று கேட்டாள். நாற்பது வருஷமாகப் பத்திரிகையில் இதையே எழுதிப் பிழைக்கிற எனக்கு, பதில் சொல்லி முடிக்க இருபது நிமிஷம் ஆனது. ஜனாதிபதிக்கு நாம் ஓட்டுப் போடுவதில்லை, அவருக்கு ஓட்டுப் போடப் போகிறவர்களுக்குப் போடுகிறோம் என்றேன். "அப்போ சீட்டுல, ஜனாதிபதிக்கு நிக்கிற டாக்டர் படம் எதுக்கு?" என்றாள்.

மேலவையில் மாநிலத்துக்கு இரண்டு பேர், கீழவையில் ஜனத்தொகைப்படி. இரண்டையும் கூட்டினால் வருகிற எண்ணிக்கையில் வாக்காளர் குழு. நமக்கு மேலவையில் இரண்டு, கீழவையில் நீ ஒருவன், ஆக மூன்று. நம் ஊர்க்காரர்களில் நூற்றுக்கு அறுபத்தொரு பேர் டாக்டருக்குப் போட்டதால் அந்த மூன்றும் டாக்டருக்குப் போயின. நாடு முழுவதும் இருநூற்றுப் பதினொன்று. டாக்டருக்குத் தொண்ணூற்றெட்டு, சிமெண்ட் முதலாளிக்கு எண்பத்தேழு, ஓய்வுபெற்ற ஜெனரலுக்கு இருபத்தாறு. யாரும் பாதியைத் தாண்டவில்லை. தாண்டாவிட்டால் முதல் இருவரில் ஒருவரைக் கீழவை தேர்ந்தெடுக்கும், அதுவும் மாநிலத்துக்கு ஒரே ஓட்டு வீதம். நாற்பத்திரண்டு உறுப்பினர்கள் உள்ள மாநிலம் மூன்று நாள் கூடிக் கத்தி ஒரு ஓட்டுப் போடும். நீ தனியாக உட்கார்ந்து ஒரு ஓட்டுப் போடுவாய். பதினான்கு மாநிலங்கள் அறிவித்துவிட்டன, ஏழுக்கு ஏழு. பதினைந்தாவது நீ என்றேன்.

அம்மா, "அவனா?" என்றாள். வகுப்புத் தலைவர் தேர்தலில் தனக்கே ஓட்டுப் போட மறந்துவிட்டு வந்து அழுதவன் அவள் நினைவில் வந்திருப்பான்.

சின்ன மாநிலத்தின் குரல் நசுங்கக் கூடாது என்றுதான் பெரியவர்கள் இந்த விதியை எழுதினார்களாம். நசுக்குவதற்கு வெளியாள் வேண்டியதில்லை என்பது அவர்களுக்குத் தோன்றவில்லை.

நீ திங்கள் மதியத்திலிருந்து ஏரிக்கரை விடுதியில் இருக்கிறாய், சிமெண்ட் முதலாளியின் ஆட்கள் போனை வாங்கி வைத்துக்கொண்டார்கள், சாயங்காலம் கேரம் விளையாட விடுகிறார்கள். இதற்கு மூன்று பேர் சாட்சி. மக்கள் பிரதிநிதிகளைப் பள்ளிக்கூடச் சுற்றுலாப் பிள்ளைகள் மாதிரி எண்ணிப் பார்த்து பஸ்ஸில் ஏற்றினார்களாம். நீ ஜன்னல் சீட் கேட்டாயாம்.

உனக்குத் துணை அமைச்சர் பதவி பேசியிருக்கிறார்கள் என்பதற்கு மட்டும் எனக்கு ஒரே ஒரு ஆதாரம்தான். உன் மனைவி அம்மாவிடம், "அத்தே, கொடி வச்ச கார் வரப்போகுது, கேட்டை அகலமாக்கணும்" என்று சொல்லியிருக்கிறாள். வெல்டரைப் பார்த்துக் கேட்டேன். "மெம்பர் வீடா? பத்தடி கேட்டைப் பதினாலு அடியாக்கச் சொல்றாங்க. லாரியா வாங்குறாங்க?" என்றார். கேட்டின் அகலம் பதவிக்கு ஆதாரம் ஆகாது. ஆகவே அதை எழுத மாட்டேன். பதிவேட்டில் இருப்பதை எழுதுவேன்.

ஆசிரியரிடம், அது என் தம்பி, வேறு யாரையாவது எழுதச் சொல்லுங்கள் என்றேன். "தம்பின்னு முதல் பத்தியிலயே போட்டுடலாம். எழுதறது நீங்கதான்" என்றார். போடுங்கள் என்று சொல்லிவிட்டேன். நாளை மாலை ஆறு மணிக்குப் பக்கம் முடியும்.

பதவி உனக்குக் கிடைக்கட்டும், கிடைக்காமல் போகட்டும், அதில் எனக்கு அக்கறை இல்லை. உன் மேல் எனக்குக் கோபம்கூட இல்லை. கோபப்படுகிற அளவுக்கு நீ எதையும் திறமையாகச் செய்யவில்லை. தேதி வருவதற்கு முன்பே குறிப்பு எழுதுகிறவனை அவர்கள் எதற்கு வைத்துக்கொள்வார்கள் என்று மட்டும் யோசித்துப் பார்.

இந்தக் கடிதத்தை, இன்றிரவு உனக்கு அனுப்புகிற இஸ்திரிச் சட்டைகளில் மேலே இருப்பதன் பையில் வைப்பதாக உன் மனைவி ஒப்புக்கொண்டிருக்கிறாள். என்ன எழுதப்போகிறேன் என்று அவள் கேட்கவில்லை. "அண்ணி, வெல்டரை ரெண்டு நாள் பொறுக்கச் சொல்லட்டுமா?" என்றாள். அதை உன்னிடம் கேட்கச் சொன்னேன்.

விதி இதுதான். கொடுத்த குறிப்பை, கொடுத்தவர் நேரில் வந்து, நாளை மாலை ஐந்து மணிக்குள் திரும்பப் பெறலாம். பதிவேட்டில் உன் வரிக்கு எதிரே அதற்கென்று ஒரு கட்டம் இருக்கிறது. இன்று காலை அது காலியாக இருந்தது. விடுதியிலிருந்து பஸ்ஸில் இரண்டு மணி நேரம். வியாழன் பதினொரு மணிக்கு எண்ணிக்கை. அம்மா ரேடியோவைத் துடைத்து வைத்திருக்கிறாள்.

நாளை மூன்று மணியிலிருந்து பதிவுப் பிரிவுக்கு வெளியே இருக்கிற பெஞ்சில் உட்கார்ந்திருப்பேன். பெஞ்சில் இருவர் உட்காரலாம். நீ நன்றாக இருக்க வேண்டும், வந்து சேர்.

அக்கா