எட்டில் நின்ற செவ்வாய்

அன்பான அக்கா,

இன்று பின்னேரம் அலுமாரியைத் திறந்தபோது உங்கள் பைனாகுலர் கையில் தட்டுப்பட்டது. அதன் தோல்வாரில் இன்னும் நீங்கள் கழுத்துக்குப் பூசும் தைலத்தின் வாசம். எடுத்துக்கொண்டு பல்கனிக்குப் போனேன். நத்தார்ப் பண்டிகை நெருங்குகிறது; கீழே இந்த ஜேர்மன் நகரம் ஹம்மின் தெருவெல்லாம் மின்குமிழ்கள். கிழக்கே உங்கள் ஆள் மறுபடி வந்து நிற்கிறார், சிவப்பாக, ஒரு வெட்கமும் இல்லாமல்.

செவ்வாய் பூமிக்குக் கிட்ட வருகிறது என்று ரீவியில் சொன்ன 2003ஆம் ஆண்டுக் கோடை நினைவிருக்கிறதா? முதியோர் இல்லத்தில் நம் வேலை முடிந்து வந்த கையோடு, மேல்மாடியில் தனியாக இருந்த நீங்கள் இறங்கி வந்து என் கதவைத் தட்டினீர்கள். "வாடி, என்ர கலியாணத்தைக் குழப்பினவரைப் பாப்பம்." சாதகத்தில் எட்டில் செவ்வாய் என்று சொல்லி, வந்த சம்பந்தமெல்லாம் திரும்பிப் போன கதை எனக்குத் தெரியும். இந்தப் பைனாகுலரால் நெடுநேரம் பார்த்துவிட்டு, "இந்தக் குண்டுமணி அளவு ஆளோ?" என்றீர்கள். சிரித்துச் சிரித்து எனக்கு வயிறு நொந்தது. பிறகு மெல்லச் சொன்னீர்கள்: "கலியாணம் கிடக்கட்டும். போகேக்கை பக்கத்தில ஒருத்தரும் இல்லாமப் போயிடுவனோ எண்டுதான் பயமாக் கிடக்கு."

அதே ஆண்டு கார்த்திகையில், பொழுதுபட்டபின் பஸ் தரிப்பில் நின்றோம். வடக்கு வானம் திடீரென்று சிவந்தது. என் கையை நகம் பதியப் பிடித்து, "எரியுதடி, ஓடு!" என்றீர்கள். போருக்குள் இருந்து வந்த நமக்கு, இருட்டில் வானம் சிவந்தால் எங்கோ ஊர் எரிகிறது. நாயோடு நின்ற ஒரு கிழவர்தான் அது துருவ ஒளி, இந்தப் பக்கம் காண்பது அருமை என்று டொச்சு மொழியில் விளங்கப்படுத்தினார். நீங்கள் நம்பாமல் காற்றை முகர்ந்து பார்த்தீர்கள். புகை மணக்கவில்லை.

"எரியாமலும் வானம் சிவக்குமோ, பிள்ளை?"

பஸ் வந்து போனது. நாம் ஏறவில்லை. பிடித்த கையையும் நீங்கள் விடவில்லை.

போன மாசியில், ஆஸ்பத்திரியில் பேச ஏலாமல் கிடந்தபோதும் அப்படியேதான் பிடித்தீர்கள். எல்லாம் முடிந்து, தாதி வந்து விரல்களைப் பிரித்தெடுக்கும்வரை நான் அசையவில்லை.

இன்று செவ்வாயைக் கண்டதும், "அக்கா, வந்து பாருங்கோ" என்று வாய்வரை வந்துவிட்டது. மேல்மாடியில் இப்போது யாரோ ஒரு டொச்சுப் பெடியன் இருக்கிறான். கூப்பிட ஆளில்லை. தாங்க முடியவில்லை, அக்கா. எனக்கும் வயது போகிறது.

எட்டில் செவ்வாய் நின்றும் நீங்கள் தனியப் போகவில்லை. உங்கள் பயம் உங்களை விட்டுப் போய்விட்டது. அதை இப்போது நான்தான் வைத்திருக்கிறேன்.