நோட் என்றால் நோட்டு இல்லை

பாய்,

இன்று காலை பழைய போனில் இருந்ததையெல்லாம் புதுப் போனுக்கு மாற்றிக்கொண்டிருந்தேன். அப்போது ஹெல்கா அம்மா அனுப்பிய அந்தச் செய்தி திரையில் வந்து நின்றது. ஒரே சொல். என், ஓ, டி என்று மூன்றே ஆங்கில எழுத்து. மூன்று வருஷம் ஆகியும் அதை நான் அழிக்கவில்லை. உங்களிடம் பேச வேண்டும் போலிருந்தது.

செங்கம் ரோட்டில் மாடியில் என் நான்கு வாடகை அறைகள், கீழே உங்கள் தையல் கடை. இருபது வருஷம் அப்படித்தான் இருந்தோம். என்னிடம் தங்க வரும் வெளிநாட்டுக்காரர்கள் எல்லாரும் ஒரு வாரத்துக்குள் உங்களிடம் அளவு கொடுக்க வந்துவிடுவார்கள். ஹெல்கா அம்மாவும் அப்படி வந்தவர்தான். ஜெர்மன்காரர், எழுபதை நெருங்கியவர், ஆங்கிலம் கொஞ்சம்தான் வரும். கால்சட்டைக்கு உள்பக்கம் ஒரு பை வைக்கச் சொல்லி "நோட், நோட்" என்றார். நீங்கள் தலையாட்டிவிட்டு, பள்ளிக்கூட நோட்டு ஒன்று நுழையும் அளவுக்குப் பை வைத்துத் தைத்துக் கொடுத்தீர்கள். அதைப் பார்த்து அந்த அம்மா கண்ணில் நீர் வரச் சிரித்தார். பிறகு மாத்திரை அட்டையைக் காட்டி, நெஞ்சைத் தொட்டு, மூச்சு முட்டுவதுபோல் நடித்துக் காட்டினார். உங்கள் அளவுப் புத்தகத்தில் அந்த மூன்று எழுத்தையும் அவரே எழுதினார்.

"அவங்க பாஷையில நோட்னா ஆபத்தாம் ஓனரே. அவசர மாத்திரைக்குப் பை கேட்டிருக்காங்க. நான் புத்தகப் பையே தெச்சுட்டேன்" என்று மாடியேறி வந்து சொன்னீர்கள்.

அதோடு விடவில்லை. அடுத்து வந்த ஸ்வீடன் பையனிடம் அந்த எழுத்துகளைக் காட்டினீர்கள். எங்கள் ஊரில் அது மீன் பிடிக்கிற பெரிய வலை என்றான் அவன். இரண்டாம் அறையில் இருந்த ஆங்கில வாத்தியார், ஜெர்மன் சொல்லுக்கு ஆங்கிலத்தில் உறவு 'நீட்' என்ற சொல்தான், தேவை என்று பொருள்படும் சொல், என்றார். இல்லை என்று சொல்லும் 'நாட்' வேறு வழியில் வந்ததாம். 'ஒன்றுமே இல்லை' என்ற ஒரு பழைய சொல் தேய்ந்து அப்படி ஆனதாம். "எழுத்து ஒண்ணுதான், வூடு வேற வேற" என்று நீங்கள் ஆச்சரியப்பட்டுக்கொண்டிருந்தீர்கள். நான் மின்சார பில்லைத் தேடிக்கொண்டிருந்தேன். பாதிதான் காதில் விழுந்தது.

அடுத்த வருஷம் ஹெல்கா அம்மா மறுபடியும் வந்து தங்கியிருந்தார். கார்த்திகை மழை விட்ட ஒரு நாள், விடிந்ததும் வழக்கம்போல் மலைப்பக்கம் நடக்கப் போனார். பதினொரு மணிக்கு, மதியம் எங்களோடு சாப்பிடுகிறீர்களா என்று ஆங்கிலத்தில் செய்தி அனுப்பினேன். அதற்குத்தான் அந்த ஒற்றைச் சொல் பதிலாக வந்தது.

"வேணாமாம்" என்று என் வீட்டுக்காரி சாந்தியிடம் சொல்லிவிட்டு என் வேலையைப் பார்த்தேன். ஒன்றரை மணி நேரம், பாய்.

நீங்கள் ஏறி வந்து, "ஜெர்மன் அம்மா துணி வாங்கிக்க வர்றேன்னாங்களே, இன்னும் காணோம்?" என்று கேட்டீர்கள். நான் அலட்சியமாகப் போனை நீட்டினேன். உங்கள் முகம் மாறியது.

"இது இங்கிலீஷ் இல்ல ஓனரே. எந்திரி, வண்டிய எடு."

கூப்பிட்டுப் பார்த்தோம், போன் அணைந்திருந்தது. அடிவாரத்தில் வண்டியைப் போட்டுவிட்டு, அவர் வழக்கமாக நடக்கும் பாதையில் ஏறினோம். பாதி வழியில் நீங்கள் ஒரு பாறையில் கையூன்றி நின்றீர்கள். இன்னொரு கை நெஞ்சில் இருந்தது.

"இன்னா பாய்?"

"பரவால்ல. நீ போ, வந்துடறேன்."

நான் போய்விட்டேன்.

பாதையை விட்டு இறங்கிய ஒரு பள்ளத்தில் அந்த அம்மா கிடந்தார். கணுக்கால் மடங்கியிருந்தது, உதடு வெளுத்திருந்தது, போன் ஓடைத் தண்ணீரில் கிடந்தது. பின்னாலேயே வந்து சேர்ந்த உங்கள் கையைப் பிடித்துக்கொண்டு "நோட், நோட்" என்று அழுதார். "வந்துட்டோம்மா, வந்துட்டோம்" என்று நீங்கள் தமிழிலேயே சொன்னீர்கள். மாடு தேடி வந்த இரண்டு பேர் கை கொடுக்க, சுமந்து இறக்கினோம். எலும்பு கூடி, பொங்கல் கழிந்து ஊன்றுகோலோடு ஊர் போய்ச் சேர்ந்தார். நான் அனுப்பிய கேள்வியை அவர் பார்க்கவே இல்லையாம்.

அன்று ஆஸ்பத்திரி வாசலில் டீ குடிக்கும்போது, "மலையில நெஞ்ச புடிச்சீங்களே?" என்று கேட்டேன். நீங்கள் பேச்சைத் திருப்பினீர்கள்.

"பர்வாங்கறது எங்க வூட்டு வார்த்தை, தெரியுமா? உருதுல கவலைனு அர்த்தம். அத வாங்கி நீங்க எல்லாத்துக்கும் வெச்சுக்கினீங்க. நல்லா இருந்தாலும் பரவால்ல, சுமாரா இருந்தாலும் பரவால்ல, வேணாம்னாலும் பரவால்ல."

நான் சிரித்தேன். கேட்ட கேள்விக்குப் பதில் வரவில்லை என்பது அப்போது உறைக்கவில்லை.

ஒன்றரை மாதம் கழித்து, ஒரு பிற்பகலில், ரவிக்கைக்குக் கொக்கி வைத்துக்கொண்டிருந்தபடியே மெஷின் மேல் சாய்ந்துவிட்டீர்கள். நான் ஓடி வருவதற்குள் முடிந்துவிட்டது. உங்கள் வீட்டு அக்கா அழுதுகொண்டே சொன்னார்: "மழைக்கு முன்னாடி இருந்தே வலி இருந்துச்சு தம்பி. கேட்டா பரவால்லனுதான் சொல்லுவாரு."

ஜெர்மன் சொல் எனக்குப் புரியவில்லை என்றால் அதற்கு ஒரு நியாயம் உண்டு. நீங்கள் சொன்னது நான் தினமும் பேசுகிற சொல். அந்தப் பாறையருகே ஒரு நிமிஷம் நின்று உங்களைச் சரியாகப் பார்த்திருந்தால்? டாக்டரிடம் இழுத்துக்கொண்டு போயிருந்தால்? பிழைத்திருப்பீர்களா என்று எனக்குத் தெரியாது. தெரியாதது இன்னும் கஷ்டமாக இருக்கிறது.

போன வாரம் சாந்தி அடுப்படிச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். என்ன என்று கேட்டதற்குப் பரவாயில்லை என்றாள். மறு பேச்சில்லாமல் ஆட்டோவைக் கூப்பிட்டேன். வெயிலில் வந்த மயக்கம்தான், மோர் குடித்தால் போதும் என்றார் டாக்டர். திரும்பி வரும் வழியெல்லாம், "எதுக்கெடுத்தாலும் பயம் ஜாஸ்தியாயிடுச்சு உங்களுக்கு" என்று திட்டினாள்.

ஆமாம் பாய், ஜாஸ்தியாகிவிட்டது. யார் பரவாயில்லை என்றாலும் இப்போது முகத்தைப் பார்க்கிறேன், கை எங்கே இருக்கிறது என்று பார்க்கிறேன். பிறகு இன்னொரு தரம் கேட்கிறேன். எரிச்சல்படுகிறார்கள். பட்டுக்கொள்ளட்டும்.