முப்பத்தொன்றின் கொழுந்து

மார்ச் 4, செவ்வாய்

வந்துவிட்டது! ஒன்றாம் எண் எலுமிச்சையில் சொறி வந்துவிட்டது! இலையின் அடிப்பக்கம் மஞ்சள் வட்டம், அதன் நடுவில் கடுகளவு பழுப்புப் புடைப்பு. பசுமைக்குடிலுக்குள் நான் போட்ட சத்தத்தில் லேப் அக்கா தண்ணீர்க் குழாயைப் போட்டுவிட்டு ஓடி வந்தார்.

"என்னாச்சு? பாம்பா?"

"நோய் வந்துடுச்சுக்கா!"

"அட, அவ்வளவுதானா. நல்லது."

செடிக்கு நோய் வந்தால் துள்ளிக் குதிக்கிற வேலை எங்கள் வேலை ஒன்றுதான் என்று நினைக்கிறேன். ஒன்றாம் எண், எல்லாத் தோட்டங்களிலும் இருக்கிற சாதாரண எலுமிச்சை. அது நோயில் விழுந்தால்தான் கிருமி உயிரோடு இருக்கிறது என்று அர்த்தம். விழாவிட்டால், இரண்டு வாரத்துக்கு முன் நாற்பது ரகங்கள் மீதும் நான் கர்மசிரத்தையாகத் தெளித்தது வெறும் தண்ணீர் என்று அர்த்தம்.

இனி யார் யார் விழுகிறார்கள் என்று பார்க்க வேண்டியதுதான். தூக்கம் வருமா இன்று?

மார்ச் 5, புதன்

இன்னும் ஒரு டஜன் ரகங்கள் காலி. ஆரஞ்சு வகைகள் தாக்குப்பிடிக்கின்றன. பார்ப்போம்.

மார்ச் 8, சனி

எல்லாம் விழுந்துவிட்டன. சில லேசாக, சில மோசமாக. ஒன்றைத் தவிர!

முப்பத்தொன்றாம் எண் எலுமிச்சை. மூன்று செடிகள், மூன்றிலும் ஒரு புள்ளி கிடையாது. லென்ஸை வைத்து இலை இலையாகப் பார்த்தேன். அக்காவையும் பார்க்கச் சொன்னேன். பிறகு திரும்பவும் நான் பார்த்தேன்.

வீட்டுக்கு வந்ததும் அண்ணனுக்குப் போன். அவர் தோட்டம் முழுக்க எலுமிச்சை. முழுக்கச் சொறி. பழத்தின் தோலைப் பார்த்ததுமே வியாபாரி முகத்தைத் திருப்பிக்கொள்கிறார். வேரோடு பிடுங்கிப் போட்டுவிட்டுத் தோட்டத்தையே விற்றுவிடுவதாக அண்ணன் முடிவெடுத்து, இயந்திரத்துக்கும் சொல்லி வைத்திருந்தார். பாங்க் வேலையை உதறிவிட்டு வந்து ஒவ்வொரு கன்றாக அவரே நட்ட தோட்டம்.

"அண்ணே, ஒண்ணு நிக்குது!"

"என்ன நிக்குது? புரியிற மாதிரி சொல்லு."

"ஒரு ரகம். நோயே வரல. மிஷினை வேணாம்னு சொல்லிடு."



"நிச்சயமா?"

"நிச்சயம்ணே!"

போனை வைத்ததும் என் வீட்டுக்காரர் பேப்பருக்குப் பின்னாலிருந்து கேட்டார்: "நிச்சயம்னு நீ சொன்னது உங்க ஆபீசுக்குத் தெரியுமா?" முறைத்தேன். நல்ல நாளில்தான் இவருக்கு இப்படியெல்லாம் சந்தேகம் வரும்.

மார்ச் 9, ஞாயிறு

அண்ணி போன் செய்தார். இயந்திரக்காரரை வர வேண்டாம் என்று அண்ணன் சொல்லிவிட்டாராம். "ரொம்ப நாளைக்கு அப்புறம் நேத்து ராத்திரி ரெண்டாவது தடவை சோறு வாங்கிச் சாப்பிட்டார்" என்றார். எனக்கு வயிறு நிறைந்துவிட்டது.

மார்ச் 12, புதன்

எங்கள் துறைத் தலைவரிடம் சொன்னேன். எதைச் சொன்னாலும் "ஆகட்டும், பார்க்கலாம்" என்பவர் என்பதால் எங்களுக்குள் அவர் பெயர் ஆகட்டும் சார். இதற்கும் "ஆகட்டும்" என்றார். நாளைக்கு நிலநடுக்கம் வந்தாலும் அதையேதான் சொல்வார்.

மார்ச் 17, திங்கள்

முப்பத்தொன்றிலிருந்து ஒரு இலையைப் பறித்து மடக்கினேன். டப்பென்று ஒடிந்தது.

பக்கத்துச் செடியில் சொறி பிடித்த இலையை மடக்கினேன். துணி மாதிரி மடிந்தது.

முற்றிய இலைதான் ஒடியும், கொழுந்து மடியும். தெளித்த அன்று எடுத்த படங்களைத் தேடிப் பார்த்தேன். மற்ற எல்லாச் செடிகளிலும் வெளிர்பச்சைக் கொழுந்து. முப்பத்தொன்றில் மட்டும் இல்லை. மூன்றிலுமே இல்லை. அது தாமதமாகத் துளிர்க்கிற ரகம் போலிருக்கிறது. பழைய, முற்றிய, கரும்பச்சை இலைகளின் மேல்தான் நான் தெளித்திருக்கிறேன்.

முற்றிய இலைக்குள் கிருமி நுழையாது. ஒன்றாம் எண்ணின் முற்றிய இலையில் தெளித்தால்கூட வராது. மாணவர்களுக்கு முதல் வருஷமே சொல்லிக்கொடுக்கிற விஷயம் — நான்தான் சொல்லிக்கொடுக்கிறேன்!

அது நோயை எதிர்க்கவும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை. நோய் அதுகிட்டப் போகவே இல்ல. அவ்வளவுதான். என்ன செஞ்சு வச்சிருக்கேன் நான்? அவசரக்குடுக்கை. நிச்சயமாம், நிச்சயம்! அண்ணன்கிட்ட எந்த மூஞ்சியை வச்சுக்கிட்டுப் பேசுவேன்?

மார்ச் 18, செவ்வாய்

பேசிவிட்டேன். சுற்றி வளைக்கவில்லை.

"அண்ணே, நான் சொன்னது தப்பு. கொழுந்தே இல்லாத செடியில தெளிச்சிருக்கேன். அது தாங்குமா தாங்காதான்னு எனக்கு இப்பத் தெரியாது."

"ம்."

"திரும்ப முதல்லேர்ந்து செய்யணும். மே வரைக்கும் ஆயிடும். அப்பவும் அது நிக்கும்னு சொல்ல முடியாது."

"சரி."

"மிஷின்காரர்கிட்ட நான் வேணா பேசட்டுமா?"

"அதை நான் பாத்துக்கிறேன். நீ உன் வேலையைப் பாரு."

கோபப்பட்டிருந்தால்கூட நன்றாக இருந்திருக்கும். பாத்ரூமில் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன்.

மார்ச் 19, புதன்

அழுதது போதும். நாற்றங்காலிலிருந்து முப்பத்தொன்றில் ஆறு புதுச் செடிகள், ஒன்றாம் எண்ணில் ஆறு. எல்லாவற்றின் தலையையும் கிள்ளிவிட்டேன். கிளை நுனியை வெட்டினால் எந்தச் சோம்பேறிச் செடியும் துளிர்த்தே ஆக வேண்டும். "செடி மேல என்ன கோபம்?" என்றார் அக்கா. கொஞ்சம் கோபம்தான்.

மார்ச் 23, ஞாயிறு

அண்ணியிடம் பேசும்போது பின்னால் ரம்பச் சத்தம். "என்ன சத்தம் அண்ணி?" என்றேன். "அது... உங்க அண்ணன் வேலையா இருக்கார்" என்று பேச்சை மாற்றிவிட்டார்.

புரிந்துவிட்டது. மரங்களை வெட்டுகிறார். நேரில் போய்ப் பார்க்கவும் முடியாது. கிருமியோடு வேலை செய்கிறவர்கள் பரிசோதனை முடியும்வரை எந்த எலுமிச்சைத் தோட்டத்துக்குள்ளும் கால் வைக்கக் கூடாது என்பது எங்கள் விதி. நல்ல விதி. இன்றைக்கு எனக்கு அது வசதியாகவும் இருக்கிறது.

ஏப்ரல் 7, திங்கள்

துளிர்த்துவிட்டது! ஆறு செடியிலும்! பூனைக்குட்டியின் காது மாதிரி அப்படி ஒரு மென்மை. இந்த முறை தப்பிக்க வழியே விடப்போவதில்லை. தெளித்தேன், அதோடு கிருமியில் தோய்த்த ஊசியால் ஒவ்வொரு கொழுந்திலும் குத்தினேன். மனசுக்குள் மன்னிப்புக் கேட்டுக்கொண்டுதான் குத்தினேன்.

யாரிடமும் மூச்சு விடக் கூடாது. முக்கியமாக, என் வாயிடம்.

ஏப்ரல் 16, புதன்

ஒன்றாம் எண் விழுந்தது. ஆறும். முப்பத்தொன்றில் ஒன்றும் இல்லை. ஒன்றும் இல்லை ஒன்றும் இல்லை ஒன்றும் இல்லை.

போனைக் கையில் எடுத்துவிட்டு, திரும்ப வைத்துவிட்டேன். இவர் பார்த்தார். ஒன்றும் கேட்காமல் காபி போட்டுக் கொடுத்தார்.

ஏப்ரல் 18, வெள்ளி

முப்பத்தொன்றில், ஊசி குத்திய இடத்தில் பழுப்புப் புள்ளி!  லென்ஸை எடுத்தேன், வைத்துப் பார்க்கத் தைரியம் வரவில்லை. அக்காதான் வாங்கிப் பார்த்தார்.

"மஞ்சள் வட்டம் இல்ல. புடைக்கவும் இல்ல. காயம் காஞ்சிருக்கு, அவ்வளவுதான். நீ போய் முதல்ல தண்ணி குடி."

குடித்தேன். இரண்டு டம்ளர்.

ஏப்ரல் 28, திங்கள்

நின்றுவிட்டது. கொழுந்திலேயே நின்றுவிட்டது! காய்ந்த புள்ளி காய்ந்தபடியே இருக்கிறது, ஒரு நூல்கூடப் பரவவில்லை. பக்கத்தில் ஒன்றாம் எண் இலையெல்லாம் சொறி பிடித்துக் கிடக்கிறது.

ஆகட்டும் சார் வந்து குனிந்து பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"ஆச்சும்மா" என்றார்.

அக்காவும் நானும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். சிரிப்பை அடக்கப் பட்ட பாடு எங்களுக்குத்தான் தெரியும். இவ்வளவு சந்தோஷத்திலும் ஒரு முள் இருக்கிறது. அண்ணனுக்கு இது காலம் கடந்த சேதி.

மே 3, சனி

பரிசோதனைச் செடிகளை எல்லாம் எரித்து முடித்தாயிற்று. தலைக்குக் குளித்து, துணி மாற்றி, செருப்பைக்கூட மாற்றிக்கொண்டு தோட்டத்துக்குப் போனேன். கையில் நாற்றங்காலில் இருக்கும் முப்பத்தொன்றின் தாய் மரத்திலிருந்து ஒரே ஒரு பழம்.

வெட்டவெளியைப் பார்க்கத் தயாராகப் போனவள் வாசலிலேயே நின்றுவிட்டேன். மரங்கள் இல்லை. ஆனால் அடிமரங்கள் இருந்தன. வரிசை கலையாமல், முழங்கால் உயரத்துக்கு அறுத்து, அறுத்த வாயில் சுண்ணாம்பு பூசி. புது ரகத்தை ஒட்டுக்கட்ட வேண்டுமென்றால்தான் இப்படி வேரை விட்டுவிட்டு அறுப்பார்கள்.

"எப்பண்ணே இது?"

"நீ போன் பண்ணின வாரம்."

"நிச்சயம்னு சொன்னேனே, அப்பவா?"

"இல்ல. தப்புன்னு சொன்னியே, அப்ப."

"அப்ப என் கையில ஒண்ணுமே இல்லையேண்ணே!"

"நிச்சயம்னு சொல்லி எனக்கு எத்தனையோ பேர் மருந்து வித்திருக்காங்க. ஒருத்தனும் திரும்ப வந்து தப்புன்னு சொன்னதில்ல."

 பழத்தை நீட்டினேன். வாங்கி அப்படியே கடித்தார். முகம் அஷ்டகோணலாகப் போனது. அண்ணி சிரித்த சிரிப்பில் பக்கத்துத் தோட்டத்து நாய் குரைத்தது.

"புளிப்பு ஆளைக் கொல்லுது."

"எலுமிச்சைன்னா இனிக்குமா?"

"நல்லா இருக்குன்னு சொன்னேன்." மிச்சத்தையும் கடித்தார். "சரி, ஒட்டுக்குச்சி எங்க?"

"அதுக்கு சார் அனுமதி தரணும். கேட்டா ஆகட்டும்பார்."

"சீக்கிரம் ஆகச் சொல்லு" என்றார் அண்ணன். "கத்தியைத் தீட்டி வச்சே ஒரு மாசமாச்சு."