ரெட்டைக் குழலுக்கு ஒற்றைக் குண்டு

என் செல்லத் தம்பி லூயி,

நீ போய் எட்டு மாதம் ஆகிறது. செத்தவர்களைத் திட்டக் கூடாது என்பார்கள். எட்டு மாதம் பொறுத்துப் பார்த்துவிட்டேன். இனி என்னால் ஆகாது. அறுபத்தேழு வருடம் என்னிடம் திட்டு வாங்கியவன்தானே நீ, இன்னும் ஒரு தடவை வாங்கிக்கொள்.

உன் சட்டைகளை மாதா கோயிலுக்குக் கொடுத்தாயிற்று. பென்ஷன் தாள்களைப் பிரெஞ்சுத் தூதரகத்தில், நீ சொல்லும் அந்தக் கோன்சுலாவில், ஒப்படைத்தாயிற்று. எல்லாம் ஒழுங்காகத்தான் வைத்திருந்தாய். அந்தத் துப்பாக்கி ஒன்றைத் தவிர. அதைப் பற்றி ஒரு வார்த்தை, ஒரு துண்டுச் சீட்டு எனக்கு எழுதி வைக்க உனக்குக் கை வரவில்லையா?

அது அப்பாவின் துப்பாக்கி. பிரெஞ்சுக்காரர் காலத்தில் வாங்கிய ரெட்டைக் குழல். அப்பாவுக்குப் பின் லைசென்ஸ் உன் பேருக்கு வந்தது. தெருவில் உன்னைச் சொல்தா, பட்டாளத்துக்காரன், என்றுதான் கூப்பிட்டார்கள். பிரான்ஸ் ராணுவத்தில் பதினைந்து வருடம் இருந்தவன், எத்தனை பேரைச் சுட்டிருப்பானோ என்று பேசிக்கொள்வார்கள். நீ அங்கே உருளைக்கிழங்கு உரித்தாய் என்பது எனக்கு மட்டும் தெரியும். அந்தக் கையால்தான் என் வீட்டுக்காரர் போன பிறகு இங்கே வந்து எனக்கும் சமைத்துப் போட்டாய்.

அதோடு நின்றிருக்கலாம். ஒன்பது வருடத்துக்கு முன் ஒரு நாள் காலை, காபி டம்ளரைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னாய்: "அக்கா, இந்தத் துப்பாக்கிய ஒத்தக் குண்டு சுடுற மாதிரி மாத்தப் போறேன்."

"இப்ப அது என்ன சுடுது?"

"ரவை. ஒரு தோட்டால நூறு ரவை போவுது. சிதறிப் போவுது. எனக்கு அது வேணாம். உருண்டையா ஒரே ஒரு குண்டு போவணும்."

எதற்கு என்று கேட்டேன். "சும்மாதான்" என்றாய். அந்தச் 'சும்மாதான்' ஒன்பது வருடம் ஓடியது, லூயி.

வைத்திக்குப்பத்துக்குப் போய், வலையில் கட்டும் ஈயத்தைப் பழசாக வாங்கி வருவாய். மீன் வாங்கிவரப் போனவன் ஈயத்தோடு திரும்பினால் எதை வைத்துக் குழம்பு வைப்பது? கொல்லைப்புறத்தில் அடுப்பு மூட்டி, நான் பால் காய்ச்சும் குண்டானில் ஈயத்தை உருக்கினாய். "வேற குண்டான் வாங்கித் தரேன்க்கா" என்றாய். வாங்கித் தந்தாய். அடுத்த மாதம் அதிலும் உருக்கினாய்.

மாதத்தில் முதல் ஞாயிறு, பூசை முடிந்த கையோடு, துப்பாக்கி சுடும் திடலுக்குப் போவாய். மத்தியானம் ஒரு அட்டையோடு வருவாய். அட்டையில் இரண்டு ஓட்டை. வலது குழல் சுட்டது ஒரு பக்கம், இடது குழல் சுட்டது இன்னொரு பக்கம். சாப்பாட்டு மேஜையில் அந்த அட்டையை வைத்துக்கொண்டு ஸ்கேலால் அளப்பாய். "போன மாசம் ஒரு ஜாண். இந்த மாசம் நாலு விரக்கடை." அடுத்த மாதம் மறுபடி ஒரு ஜாண் ஆகும். நீ சோற்றைப் பிசைந்துகொண்டே உட்கார்ந்திருப்பாய்.

"வலது குழல மட்டும் வெச்சி சுடேன்டா" என்று ஒரு நாள் கத்தியே விட்டேன்.

"இன்னொண்ணு சும்மா இருக்காதுக்கா. விசையில வெரல் மாறிப் போச்சுன்னா?"

என்ன பதில் அது? அன்றைக்கு எனக்குப் புரியவில்லை. பைத்தியம் என்று நினைத்தேன். அண்டை வீட்டாரிடமும் அப்படியே சொன்னேன். அதற்கு இப்போது வருத்தப்படுகிறேன். ஆனால் முழுக்க வருத்தப்பட மாட்டேன். காரணத்தைச் சொல்லாதவன் நீ.

நீ போன வாரமே துப்பாக்கியை ஸ்டேஷனில் ஒப்படைத்துவிட்டேன். சனியன் தொலைந்தது என்று நினைத்தேன். போன மாதம் லைசென்ஸ் பிரிவிலிருந்து கடிதம் வந்தது, நேரில் வரச் சொல்லி. முழங்கால் வலியோடு மாடி ஏறிப் போனேன். அங்கே ஒரு அதிகாரி, என் மாணவர்கள் வயதுதான் இருக்கும். உன் லைசென்ஸ் புத்தகத்தை என் முன்னால் விரித்தார்.

"அம்மா, புக்ல இருக்கறது ஒண்ணு, துப்பாக்கி வேற ஒண்ணா இருக்கு. குழலோட வாயப் பெருசு பண்ணியிருக்காங்க. குறி பாக்குற தகடு புதுசா வெச்சிருக்காங்க. புக்ல எந்த அனுமதியும் பதியல. அனுமதி இல்லாம இப்பிடிப் பண்ணா கேஸ் ஆவும். யாரு பண்ணாங்க?"

"என் தம்பி போயிட்டாருங்களே."

"அவரு போயிட்டாரு. வேல பண்ணவன் இருப்பான் இல்ல? அவன் பேர எழுதிக் குடுத்துடுங்க. பத்து நாள் டைம் தரேன்."

ஒரு பேர் எனக்குத் தெரியும். சாரத்தில் லேத் பட்டறை வைத்திருக்கும் கரீம் பாய். ஒன்பது வருடமாக வாரத்துக்கு மூன்று நாள் நீ அங்கேதானே கிடந்தாய்? அந்தப் பேரை எழுதிக் கொடுத்தால் என் தலைவலி தீரும். அவர் பட்டறைக்குப் பூட்டு விழும். உன்னைத் தூக்கிப்போனவர்களில் முன் வரிசையில் நின்ற மனிதர் அவர். இந்த இக்கட்டில் என்னைத் தள்ளிவிட்டு நீ கல்லறையில் நிம்மதியாகப் படுத்திருக்கிறாய்.

மறுநாள் சாரத்துக்குப் போனேன். கரீம் பாய் மெஷினை நிறுத்திவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டு ஸ்டூலை எடுத்துப் போட்டார். விஷயத்தைச் சொன்னேன். அவர் முகம் மாறவில்லை.

"என் பேர எழுதிடுங்கக்கா. பரவால்ல. குண்டு ஊத்துற அச்சு நான் கடைஞ்சது. அந்தத் தகடும் நான் சீவிக் குடுத்ததுதான். ஆனா ஒண்ணு. துப்பாக்கி என் பட்டற வாசப்படி ஏறினதே இல்ல. அளவ மட்டும் சீட்டுல எழுதிட்டு வருவாரு. 'குழல நான் தொட மாட்டேன் லூயி, தப்பாச்சுன்னா உன் மூஞ்சியிலியே வெடிக்கும், லைசென்ஸ் உள்ள கடைக்குப் போ'ன்னு சொன்னேன். மனு போட்டு அனுமதி வாங்கி, அப்புறம்தான் போனாரு. குழல் வேலயும் தகடு மாட்டினதும் அந்தக் கடையில."

"அனுமதி வாங்கினானா? தாள் எங்க?"

"வீட்ல இருக்கும்க்கா. எனக்குக் காட்டினாரே."

வீட்டில் இல்லை, லூயி. மூன்று நாள் தேடினேன். நீ பிரெஞ்சில் தலைப்பெழுதி அடுக்கிய 'தொசியே' கோப்பு ஒவ்வொன்றையும் பிரித்துப் பார்த்தேன். கரண்டு பில் இருக்கிறது, தண்ணீர் வரி இருக்கிறது, செத்துப்போன நாய்க்குப் போட்ட ஊசிச் சீட்டு கூட இருக்கிறது. அனுமதித் தாள் இல்லை. நான்காம் நாள் மறுபடி கரீம் பாயிடம் போய் அழாத குறையாகக் கேட்டேன்.

"எதுக்கு பாய் இந்தப் பைத்தியம் அவனுக்கு? வித்துத் தொலைச்சிருக்கலாமே?"

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். "உங்களுக்குத் தெரியாதாக்கா?"

"எனக்கு என்ன தெரியணும்?"

"பாகூர் பக்கம் ஏழுமல இருக்காரே, அவரப் பாருங்க. நான் சொல்றது நல்லா இருக்காது."

ஏழுமலையை எனக்குத் தெரியாதா? விடுதியில் தங்கி உன்னோடு ஒரே பெஞ்சில் படித்தவன். நம் வீட்டில் பாதி வளர்ந்தவன். அவன் மல்லாட்டைக் கொல்லையில் வேர்க்கடலையைத் தோண்டித் தின்னக் காட்டுப்பன்றி இறங்கினால், அனுமதி கிடைத்த பருவத்தில் நீ துப்பாக்கியோடு போவாய். கிணறு தூர் வாரும்போது கல் தெறித்து அவனுக்கு இடது கண் போய்விட்டது என்று நீதான் வந்து சொன்னாய். அன்றைக்கு நீ சாப்பிடவில்லை. சிநேகிதன் கண் போனால் யார்தான் சாப்பிடுவார்கள் என்று நானும் விட்டுவிட்டேன்.

பஸ் பிடித்துப் போனேன். ஏழுமலை கொல்லை ஓரத்தில் புல் செதுக்கிக்கொண்டிருந்தான். என்னைப் பார்த்ததும் துண்டை உதறி வரப்பில் விரித்தான். கேட்டேன். அவன் நேராகவே சொன்னான்.

"கிணறும் இல்ல ஒண்ணும் இல்லக்கா. சாயங்காலம், வெளிச்சம் இருந்துது. பன்னி அந்தாண்ட ஓடுச்சு. லூயி சுட்டான். நான் இந்தாண்ட நிக்கிறேன், அவனுக்கு நல்லாத் தெரியும். சரியாத்தான் சுட்டான். ஒரு ரவை மட்டும் விலகிப் போயி அந்த எல்லக்கல்லுல பட்டுது. கல்லு தெறிச்சு என் கண்ணுல பூந்துது. ஆஸ்பத்திரில கல்லு தெறிச்சுதுன்னு சொன்னேன். பொய் இல்லியே அது?"

நான் அந்த எல்லைக்கல்லைத் திரும்பிப் பார்த்தேன்.

"அவன் துப்பாக்கிய வித்துடறேன்னான். நான்தான் வேணாம்னேன். 'வித்தா பன்னிய யாரு வெரட்டுவா, வழக்கம் போல வா'ன்னேன். அதுக்கு அவன் என்னா சொன்னான் தெரியுமா? 'நூறு ரவையில ஒண்ணு எங்க போச்சுன்னு எனக்குத் தெரியல ஏழுமல. இனிமே சுட்டா, போன குண்டு எங்க போச்சுன்னு நான் கை நீட்டிக் காட்டணும். அப்பதான் உன் நெலத்துல கால வெப்பேன்'னான்."

"அப்புறம் வந்தானா?"

"எங்க வந்தான்? ஒம்போது பட்டம் போச்சு. வருசா வருசம் பங்குனி மாசம் போன் பண்ணுவேன். 'இன்னும் ரெண்டு குழலும் சேரல, அடுத்த வருசம்'பான். நான் தகரம் தட்டிக்கினு ஒண்டியா உக்காந்திருப்பேன். கண்ணு போனது பழகிப் போச்சுக்கா. அவன் வராததுதான் பழகல."

இதைச் சொல்லிவிட்டு அவன் திரும்பிக்கொண்டான். உன்னை எழுப்பிக் கொண்டுவந்து அந்த வரப்பில் நிறுத்தி முதுகில் நாலு வைக்க வேண்டும் போலிருந்தது எனக்கு. அவன் உன்னிடம் குறி பார்க்கவா சொன்னான்? பக்கத்தில் வந்து உட்காரச் சொன்னான். நீ உருளைக்கிழங்கு உரித்துப் போட்டிருந்தால்கூட அவனுக்குப் போதும். இரண்டு குழலையும் ஓரிடத்தில் சேர்க்கப் போனாய். அது சேர்ந்ததா? சேர வேண்டிய நீங்கள் இரண்டு பேரும் பன்னிரண்டு மைல் தள்ளித் தள்ளியே கிழவர்களானீர்கள்.

அனுமதித் தாளைப் பற்றிக் கேட்டேன். ஏழுமலை எழுந்து வீட்டுக்குப் போய், ஒரு தகரப் பெட்டியைத் திறந்து, நீ தபாலில் அனுப்பியிருந்த தாளை மடித்தபடியே எடுத்துவந்தான். அசல் தாள், லூயி! நகலைக் கொடுத்திருக்கக் கூடாதா? முத்திரை, கையெழுத்து எல்லாம் இருந்தது. வேலை முடிந்ததும் லைசென்ஸ் புத்தகத்தில் பதிந்துகொள்ள வேண்டும் என்றும் அதிலேயே தெளிவாக இருந்தது. நீ பதியவில்லை. உன் கணக்கில் வேலை முடியவே இல்லை, அதுதானே? பின்பக்கம் உன் கையெழுத்து: 'ஏழுமலை, ரெண்டு குழலும் ஒரே இடத்தில் அடிக்கிற அன்றைக்கு வருவேன். அதுவரைக்கும் இதை நீ வைத்திரு.'

"இதத் திருப்பிக் குடுத்துடுக்கா" என்றான் ஏழுமலை.

ஒன்பதாம் நாள் அந்தத் தாளை அதிகாரியின் மேஜையில் வைத்தேன். படித்தார். திருப்பிப் பின்பக்கத்தையும் படித்தார்.

"அடிச்சுதாம்மா? ஒரே எடத்துல?"

"இல்லைங்க. கடைசி அட்டையில ரெண்டு விரல் இடைவெளி."

"ரெண்டு வெரல்னா நல்லாவே அடிச்சிருக்கு. இவ்ளோ பழைய துப்பாக்கிக்கு அதுக்கு மேல வராதும்மா. யாராவது அவருக்குச் சொல்லியிருக்கலாம்."

யார் சொல்வது? நான் சொல்லியிருக்கலாம், எனக்குத் தெரியாது. கரீம் பாய் சொன்னாராம், நீ கேட்கவில்லையாம். அதிகாரி நகல் எடுத்துக்கொண்டு அசலைத் திருப்பித் தந்தார். கேஸ் இல்லை, யார் பேரும் எழுத வேண்டாம் என்றார். துப்பாக்கியை என்ன செய்ய என்று கேட்டார். விற்கலாம், யார் பேருக்காவது மாற்றலாம், இல்லாவிட்டால் அரசாங்கத்திடமே விட்டுவிடலாம், அவர்கள் உடைத்துவிடுவார்கள். விட்டுவிடுகிறேன் என்று கையெழுத்துப் போட்டேன். அப்பா கோபித்துக்கொள்வார் என்றால் அங்கே நீயே அவருக்குப் பதில் சொல்லிக்கொள்.

தாளை நேற்று ஏழுமலையிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன். மார்கழிப் பட்டத்துக்கு உழுதுகொண்டிருந்தான். பங்குனியில் காய் முற்றும், பன்றி வரும். அப்போது நான் வருகிறேன் என்றேன்.

"நீ எதுக்குக்கா? உனுக்குத் தகரம் தட்டத் தெரியுமா?"

"தெரியாது. கத்தத் தெரியும். நாப்பது வருசம் டீச்சரா இருந்திருக்கேன்."

சிரித்தான். பிறகு, சேற்றில் கால் பதியும், ஒரு நாற்காலி போட்டு வைக்கிறேன் என்றான்.

எழுபத்தொரு வயதில் எனக்கு இது தேவையா? உன்னால் வந்தது. மன்னிப்பு எதுவும் உன் சார்பில் நான் கேட்கப்போவதில்லை, அவனும் கேட்கச் சொல்லவில்லை. ஆனால் பங்குனியில் போவேன், லூயி. அதற்கடுத்த பங்குனியும், கால் நடக்கிற வரைக்கும். எதையும் சரிபண்ணிவிட்டுப் போகப்போவதில்லை. இருக்கிறபடியே போய் அவன் பக்கத்தில் உட்காருவேன். இது சத்தியம்.

உன் மேல் கோபம் தீராத,
உன் ஒரே அக்கா,
மரி தெரேஸ்