ருசி பார்க்காத மூன்று வாரம்

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுவது. இங்கே இரண்டு பேரும் நலம், அதில் ஒருவர் போன மாதத்தைவிடக் கூடுதல் நலம், யார் என்று போகப் போகத் தெரியும். நீயும் மாப்பிள்ளையும் எப்படி இருக்கிறீர்கள் என்று போனில் கேட்டால் நல்லா இருக்கோம்ப்பா என்று ஒரு வார்த்தையில் முடித்துவிட்டு அம்மாகிட்ட கொடுங்க என்பாய். அதனால் இந்த முறை கேட்கவில்லை, நன்றாகத்தான் இருக்கிறீர்கள் என்று வைத்துக்கொண்டு எழுதுகிறேன். போனில் சொன்னால் நடுவில் பேசுவாய் என்பதும் ஒரு காரணம்.

முதலில் என் குறையைச் சொல்லிவிடுகிறேன், வைத்துக்கொண்டே எழுத முடியாது. உன் அம்மாவுக்கு இரண்டு கண்ணிலும் புரை முற்றிவிட்டது, ஆனால் சர்க்கரை இறங்காமல் ஆபரேஷன் செய்ய மாட்டேன் என்று கண் டாக்டர் இரண்டு தடவை திருப்பி அனுப்பினார் இல்லையா, அப்போது நீ அங்கிருந்தே அவரிடம் நேராகப் பேசினாய். பக்கத்தில் நின்ற என்னிடம் ஒரு வார்த்தை இல்லை. பத்தாம் நாள் நீ அனுப்பிய பெட்டி வந்து இறங்கியது. உள்ளே முழுக் கோதுமை, பார்லி, காய்ந்த பீன்ஸ் கொட்டை, எல்லாவற்றுக்கும் மேலே எப்படிச் சமைப்பது என்று இரண்டு பக்கத்துக்கு உன் கையெழுத்தில் ஒரு தாள். நாற்பது வருஷமாக எரிந்துபோன மோட்டாருக்குக் காயில் கட்டிக் கொடுக்கிறேன், எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை, எந்த மோட்டாருக்கும் நான் குறிப்புத் தாள் பார்த்ததில்லை, கழற்றிப் பார்த்தே கற்றுக்கொண்டேன். எனக்குப் போய் வெங்காயம் வதக்கப் பாடம் நடத்துகிறாளே என்று தாளை நாலாக மடித்து பிரிட்ஜ் மேல் போட்டு, பறக்காமல் இருக்க டார்ச் லைட்டையும் அதன் மேல் வைத்தேன்.

அம்மா அடுப்பில் கைத்துண்டைப் பொசுக்கிக்கொண்ட அன்றே சமையலறையை நான் எடுத்துக்கொண்டது உனக்குத் தெரியும். கோதுமையைக் கழுவினேன், குக்கரில் போட்டேன், முட்டைக்கோஸை நாலாக வெட்டி மேலே வைத்தேன், ஆறு விசில் விட்டேன். தினமும் இதேதான். அம்மா தட்டை வாங்கிக்கொண்டு நல்லாத்தான் இருக்கு என்பாள், நான் கடைக்குக் கிளம்பிவிடுவேன். மூன்று வாரம் கழித்து ரத்தம் பார்த்தால் சர்க்கரை இறங்கவில்லை, ஏறியிருந்தது. உன் பெட்டிதான் காரணம் என்று உன்மேல் கோபம். மிஷின் கோளாறாக இருக்கும், கழற்றிக் கொடம்மா நான் பார்க்கிறேன் என்று ரத்தம் எடுக்கிற பெண்ணிடமும் சண்டை. அவள் சிரிக்காமல், பெரியவரே என் மிஷின் நல்லாத்தான் ஓடுது, உங்க வீட்டுச் சாப்பாட்டைச் சோதிச்சுப் பாருங்க என்றாள். திமிர் பிடித்தவள் என்று நினைத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

அந்த வாரமே தெருக்கோடி பேக்கரியில் மாவு பிசைகிற மிஷினின் மோட்டார் புகைந்துவிட்டது என்று கூப்பிட்டார்கள். காயிலை அறுத்துக்கொண்டிருக்கும்போது பேக்கரிக்காரர் பேச்சுவாக்கில், உங்க வீட்டு அம்மா பாவம், சுவரைத் தடவிக்கிட்டே வந்து தினம் ரெண்டு பன் வாங்கிட்டுப் போறாங்க, ஒரு ஆளை அனுப்பக் கூடாதா என்றார். கையில் இருந்த கட்டிங் பிளேயரை அப்படியே போட்டுவிட்டு வீட்டுக்கு வந்தேன். வந்த வேகத்துக்குக் கத்தித் தீர்த்திருப்பேன். ஆனால் உன் அம்மா ஒன்றையும் மறைக்கவில்லை. கடைவாய்ப் பல் ரெண்டு பக்கமும் இல்ல, மெல்ல முடியல, இந்த வயசுல முதல் தடவையா எனக்குச் சமைச்சுப் போடுறீங்க, அதைப் போய் எப்படிக் குறை சொல்றது என்றாள். நான் குக்கரைத் திறந்து ஒரு கரண்டி எடுத்து வாயில் போட்டேன். பேரிங் குண்டு அதைவிட மெதுவாக இருக்கும். மூன்று வாரமாக நான் கடைப் பக்கத்திலேயே வயிற்றை நிரப்பிக்கொண்டு இதை அவளுக்கு மட்டும் போட்டிருக்கிறேன். ஓட்டிப் பார்க்காமல் ஒரு மோட்டாரைக்கூட நான் எவனுக்கும் கொடுத்ததில்லை.

டார்ச் லைட்டை நகர்த்தி உன் தாளை எடுத்தேன். முதல் வரியே, சாயங்காலமே ஊறப்போட்டு மறுநாள் தண்ணீரை மாற்றி வேகவையுங்கள். கடைசி வரி, அப்பா நீங்களும் இதையே சாப்பிடுங்கள். என்னைத் தெரிந்துதான் எழுதியிருக்கிறாய். அன்றிலிருந்து ஊறப்போடுகிறேன், விசில் வந்ததும் தீயைக் குறைத்து முக்கால் மணி நேரம் விடுகிறேன், ஒரு கோதுமை மணியை விரலால் நசுக்கிப் பார்க்கிறேன். காரட், பீன்ஸ், கோஸ் எல்லாம் பொடியாக நறுக்கி, ஒரு ஸ்பூன் எண்ணெயில் பூண்டும் வெங்காயமும் வதக்கிச் சேர்த்து, இறக்கும்போது எலுமிச்சை பிழிந்தால் உப்பு பாதி போதும். முதலில் நான் சாப்பிட்டுவிட்டுத்தான் அவளுக்குத் தட்டு. பன் நின்றது. ஏழாவது வாரம் அந்தத் திமிர் பிடித்த பெண்ணே வாசல் வரை வந்து, சர்க்கரை இறங்கிவிட்டது என்று சீட்டைக் கொடுத்தாள். என் பெல்ட்டும் இரண்டு ஓட்டை உள்ளே போயிருக்கிறது. வலது கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்து பதினைந்து நாள் ஆகிறது. கட்டுப் பிரித்து வீட்டுக்கு வந்ததும் அம்மா தட்டை உற்றுப் பார்த்து, இதையா இத்தனை நாளா சாப்பிட்டேன், பார்க்காம இருந்ததும் நல்லதுதான் என்றாள். சொல்லிவிட்டு இரண்டாம் தடவை வாங்கிச் சாப்பிட்டாள்.

தாளைப் படிக்காதது தப்பு என்று நான் சொல்லவில்லை, தாமதமாகப் படித்தேன் என்கிறேன். ஆனால் நீ அதை எழுதி அனுப்பாமல் இருந்திருந்தால் உன் அம்மா இன்னும் சுவரைத் தடவிக்கொண்டுதான் இருப்பாள். அதற்கு அப்பா உனக்கு நன்றி சொல்கிறேன், ஒரு தடவைதான் சொல்வேன், பத்திரமாக வைத்துக்கொள். ஒரு டம்ளர் கோதுமைக்கு நாலு டம்ளர் தண்ணீர் என்று எழுதியிருக்கிறாய், ஊறிய கோதுமைக்கு மூன்று போதும், பென்சிலால் திருத்திவிட்டேன், இதில் வாதம் வேண்டாம். நீ மத்தியானம் நின்றுகொண்டே நாலு பிஸ்கட்டோடு முடித்துக்கொள்கிறாய் என்று மாப்பிள்ளை சொன்னார். ஊருக்கெல்லாம் தாள் எழுதுகிறவள் தானும் உட்கார்ந்து சாப்பிட வேண்டும். நீங்கள் இருவரும் நோய் நொடி இல்லாமல் நிறைவாக இருக்க வேண்டும். இடது கண்ணுக்கு அடுத்த மாதம் தேதி கொடுத்திருக்கிறார்கள், இந்தத் தடவை டாக்டரிடம் பேசுவதற்கு முன் என்னிடம் பேசு.

அன்புடன்,
உன் அப்பா

அம்மா எழுதுகிறேன், என் கையாலேயே. கடிதம் முழுவதையும் நானே படித்துவிட்டேன். பன் இரண்டில்லை, மூன்று. பேக்கரிக்காரர் நல்ல மனுஷர், அப்பாவிடம் குறைத்துச் சொல்லியிருக்கிறார். காலையில் ஊசியில் நூல் கோர்த்தேன், முன்போல அதற்கு மாடி வீட்டு டீச்சரைக் கூப்பிடவில்லை.